சுவர்ச்சீலையின் நல்ல பக்கம்

கிளென் ஈடன்
14.08.1996

என் அன்பு வின்சிக்குஞ்சுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருக்கிற இடத்தில் சுகத்துக்குக் குறைவிராது, ஆனபடியால் அதைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுச் செபம். சனம் வரப்போகுது, வீட்டில் சண்டை நடக்குது, காரணம் நீங்கள்.

ஒனிஹங்கா ஊரிலை பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கிவந்த மான்வேட்டைச் சுவர்ச்சீலைதான். பளிச்சென்ற பக்கம் முகம், வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று அதைச் சுவருக்குப் போட்டு, மங்கின பக்கத்தை வெளியே விட்டீர்களே. நல்ல ஆட்கள் வந்தால் திருப்புவம் என்றீர்கள். எட்டு வருசமாக ஒருத்தரும் உங்களுக்கு நல்ல ஆளாகப் படவில்லை. இங்கே சனமெல்லாம் மதிக்கிற கதிர்காமநாதன் அண்ணை வந்தபோதுகூட, "இவருக்கு இது காணும்" என்று குசினிக்குள் அடுப்படிக்கு வந்து சொன்னீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கும் அது திரும்பவில்லை. இப்போது மகள் மேர்சி, "அம்மா, அப்பாவின்ர செபத்துக்காவது திருப்புங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்கிறாள். நான் மாட்டேன் என்றேன். நீங்கள் அடித்த ஆணி, நீங்கள் தொங்கவிட்ட சீலை, கைவைக்க எனக்கு மனமில்லை.

அவள் விடாமல் என்னை லைப்ரரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா பிரான்ஸ் ராசாக்களின் சுவர்ச்சீலைகளைப் பற்றிப் படம் போட்டுக் கதைத்தா, மேர்சி காதுக்குள் தமிழில் சொன்னாள். பதினாலாம் லூயி ராசாவின் மந்திரி, பாரிசில் சிதறிக் கிடந்த நெசவாளரைக் கோப்லான் என்ற சாயக்காரக் குடும்பத்தின் பழைய இடத்தில் கூட்டி வைத்தாராம். ஒரு ஆள் வருசம் முழுக்க நெய்தால் சின்ன மேசை மூடுகிற அளவுதான் வருமாம். நெய்கிறவன் பின்பக்கத்தில் இருந்துதான் நெய்வானாம், முடிச்செல்லாம் அந்தப் பக்கம்தான் விழுமாம், முகம் பார்க்க முன்னாலே கண்ணாடி வைப்பானாம். நான் கையைத் தூக்கினேன். "என்ரை மனிசன் முகத்தைச் சுவருக்குப் போட்டு வச்சவர், பிழையோ எண்டு கேள்" என்றேன். மேர்சி கதிரைக்குக் கீழே போகாத குறையாகக் கேட்டாள். அந்த அம்மா சிரித்துப்போட்டு, வெளிச்சம் படாத பக்கத்தில்தான் நிறம் நிற்கும், உங்கள் கணவர் விசயம் தெரிந்தவர் என்றா. பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த மந்திரியையே கலியாணம் கட்டின மாதிரி இருந்தது. சீலை அப்படியே இருக்கும், கதை முடிஞ்சுது.

மாதா உங்களைக் காப்பா. அங்கே என் அம்மாவைக் கண்டால் பழைய கதை எடுக்காதேங்கோ.

உங்கள் திரேசம்மா

பி.கு.: இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்குப் பின்னால் செருக முன்னம், தூசி தட்டுவமென்று சீலையின் ஒரு மூலையைத் தூக்கினேன். பளிச்சென்ற பக்கம் முழுக்க முடிச்சும் நூல் தும்பும். நீங்கள் எட்டு வருசமாகப் பத்திரப்படுத்தினது முதுகை. வெயிலில் கிடந்து வெளிறினதுதான் முகம், வந்தவை எல்லாரும் அதைத்தான் பார்த்திருக்கினம். மேர்சிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முதுகுதான் வடிவாய் இருக்கு, மானின் கண்ணில்கூட ஒரு நீலம். சொல்லுங்கோ குஞ்சு, ஞாயிற்றுக்கிழமை சனத்துக்கு எந்தப் பக்கத்தைக் காட்ட?