வயிறு லூஸான புத்தகம்

ஒரு புத்தகத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் அதன் தரத்தை ஐயந்திரிபற நிர்ணயிக்க முடியும் என்று உலகுக்கு நிரூபித்த பெருமை ஆம்பூருக்கே உரியது. பல்கலைக்கழகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட வேலையை, பைபாஸ் ரோட்டோரத்துத் தோல் கம்பெனி ஒன்று வெறும் கைவிரல்களால் முடித்துக் காட்டியது. நடந்தது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். இன்றுவரை அதற்கு யாரும் ஒரு விழா எடுக்கவில்லை என்றால், நம் ஜனங்களின் நன்றிகெட்டதனத்தை என்னவென்று சொல்வது!

தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கும் அந்தக் கம்பெனியில் கரோலின் இன்வாய்ஸ் அடிப்பவள். பி.காம். படித்தவள், வருஷக்கணக்காக 'டெம்பரரி'. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பர்மனென்ட் ஆகி, கல்யாணம் ஆகி, லோன் போட்டு வீடும் கட்டிவிட்டார்கள். அவள் விண்ணப்பம் மட்டும் 'தீவிரப் பரிசீலனை'யில் இருந்தது. பர்மனென்ட் ஆர்டர் ஒன்றைத் தவிர அவள் கர்த்தரிடம் வேறெதுவும் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

ஒருநாள் ஜி.எம். சாந்தகுமார் அவளைக் கூப்பிட்டார். அவர் மேஜைமேல் ஒரு புதுக் கம்ப்யூட்டர், பூப் போட்ட துணியால் போர்த்தப்பட்டு உட்கார்ந்திருந்தது.

"இதுல ஃபோட்டோஷாப் போட்டுக் குடுத்துகிறாங்க. ஜெர்மனி பையர் கேட்டலாக் கேக்கிறான். நம்ம ஷூ போட்டோ எல்லாம் ஒரே மங்கல். உனக்குக் கம்ப்யூட்டர் வரும் இல்ல?"

"இன்வாய்ஸ் வரும் சார்."

"இன்வாய்ஸ் வந்தா போட்டோவும் வரும். கத்துக்கோ. கத்துக்கிட்டா பர்மனென்ட்."

"ஒரு புக்கு இருந்தா கத்துக்குவேன் சார்."

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆட்டுத் தோலானாலும் சரி, ஆபீஸ் துடைப்பமானாலும் சரி, செலக்‌ஷன் கமிட்டி பார்க்காமல் எந்தப் பொருளும் அந்தக் கேட்டுக்குள் நுழைய முடியாது. புத்தகம் ஒரு பொருள். ஆகவே கமிட்டி கூடியது.

கரோலின் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் மூன்று புத்தகங்களைச் 'சாம்பிள்' என்று சொல்லி வாங்கி வந்தாள். ஒன்று தமிழில், ஒல்லியானது. இன்னொன்று இங்கிலீஷில், தலையணை சைஸ். மூன்றாவது பக்கத்துக்குப் பக்கம் கலர் படம் போட்டு, எளிய இங்கிலீஷில் இருந்தது. கடையில் நின்றபடியே அதில் நாலு பக்கம் படித்துப் பார்த்து, எல்லாம் புரிந்துபோன சந்தோஷத்தில் இருந்தாள் அவள்.

கமிட்டியின் உயிர்நாடி செலக்‌ஷன் மாஸ்டர் ஜியாவுல்லா. தோலைத் தடவிப் பார்த்தே அந்த ஆடு எந்த மலையில் மேய்ந்தது, மேய்த்தவன் அதை எத்தனை முறை அடித்தான் என்று சொல்லக்கூடியவர். புத்தகங்கள் மேஜைக்கு வந்ததும் அவர் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தமிழ்ப் புத்தகத்தை இரண்டு விரலால் கிள்ளினார். "இன்னா மேடம் இது, லைனிங் தோல் மாதிரி? திக்னஸ் ரொம்பக் கம்மி." புத்தகம் தரையில் இருந்த ரிஜெக்ட் கூடைக்குப் போனது.

தலையணையை எடுத்தார். முதுகைத் தட்டினார். மோந்தார். நடுவில் விரித்துப் பிடித்து உதறினார். "முதுகு நல்ல கெட்டி. வயிறுதான் கொஞ்சம் லூஸு. அது பரவால்ல சார், எந்த ஆட்டுக்கும் வயிறு லூஸாதான் இருக்கும்."

"சப்ஸ்டன்ஸ் எப்படி பாய்?" என்றார் ஜி.எம். தோல் வியாபாரத்தில் கனத்துக்கு அதுதான் பெயர்.

"சப்ஸ்டன்ஸ் ஜாஸ்தி சார். சோல் தெச்சா கூட தாங்கும்."

கலர் புத்தகம் மட்டும் லேபுக்குப் போனது. கலர் உள்ள எதையும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். லேப் டைட்டஸ் மெஷினில் மாட்டித் தேய்த்தான். இழுவைச் சோதனைக்காக ஒரு துண்டு கத்தரித்தும் இழுத்தான். திரும்பி வரும்போது அவன் முகம் வாடியிருந்தது.

"ஃபெயில் சார். கலர் எல்லாம் துணியில வந்துடுச்சு. இழுத்தா பிஞ்சிடுது."

"எந்தப் பக்கத்துல கட் பண்ணீங்க டைட்டஸ்?" என்று கரோலின் பதறினாள்.

"முதல் பாடம் மேடம். அங்கதான் நெளிவு இல்லாம இருந்துச்சு."

கரோலினுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "சார், உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு யாருமே பாக்கலியே!"

கமிட்டி அவளைப் பரிவோடு பார்த்தது. "அது யூஸர் டிபார்ட்மென்ட் வேலைம்மா" என்றார் ஜி.எம்.

"நான்தான் சார் யூஸர்."

"அதனாலதான் உன்னைக் கமிட்டியில போடலை. நடுநிலைமை வேணும் இல்ல?"

இவ்விதமாக, தலையணைப் புத்தகம் 'ஏ கிரேடு' பெற்றது. கரோலின் ஆசையோடு கையை நீட்டினாள். ஜியாவுல்லா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டை கட்டி, அரக்கு வைத்தார். ஜி.எம். கையெழுத்துப் போட்டார். அது பீரோவுக்குள் போனது, பூட்டும் விழுந்தது.

"சார், புக்கு?"

"அது அப்ரூவ்டு சாம்பிள். அப்ரூவ் ஆன ஷூவை எவனாச்சும் கால்ல மாட்டிக்கினு மார்க்கெட்டுக்குப் போவானா? உனக்கு வேற காப்பி ஆர்டர் போட்டுக்கலாம்."

வேறு காப்பி சென்னையிலிருந்து வந்தது. விதிப்படி பீரோவைத் திறந்து இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜியாவுல்லா உதட்டைப் பிதுக்கினார். "அட்டை ஷேட் மாறுது சார். அது ராயல் ப்ளூ, இது நேவி. பையரா இருந்தா கன்டெய்னரோட திருப்பிடுவான்." அட்டையில் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்ததைக் கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டேன் என்றான்.

ரிஜெக்ட் ஆன ஷூக்களை சம்பள நாளில் கேட்டருகே ஸ்டாஃபுக்குச் சல்லிசாகத் தள்ளிவிடுவது கம்பெனி வழக்கம். அந்தச் சம்பள நாளில், சோல் பிய்ந்த சாண்டலுக்கும் ஒற்றைக் கால் பூட்சுக்கும் நடுவில் கிடந்த புத்தகத்தைக் கரோலின் வாங்கிக்கொண்டாள். அந்தக் கம்பெனியில் படிக்கப்பட்ட ஒரே புத்தகம் அதுதான்.

சாப்பாட்டு வேளைகளில் படித்தாள். நல்ல இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கெட்ட இடத்தின்மேல் பூசும் வித்தை அவளுக்குச் சீக்கிரமே கைவந்தது. மங்கல் ஷூக்கள் பளபளத்தன. கேட்டலாக் ஜெர்மனிக்குப் போனது. பையர் பாராட்டிவிட்டு, கூடவே ஒன்று கேட்டான்: கம்பெனிக்குப் பின்னால் கழிவுநீர் போகும் கால்வாயின் போட்டோ வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் ஆர்டர்.

அந்தக் கால்வாய் காபி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு கரோலினின் தெரு வழியாகத்தான் போகிறது. தெருவில் ஒரு கிணறு பாக்கியில்லாமல் உப்பும் மஞ்சளுமாகிப் போனதால், கம்பெனியே பெரிய மனதோடு லாரியில் குடிதண்ணீர் அனுப்பிவந்தது. சுத்திகரிப்புத் தொட்டியின் பம்பு பழுது. அதைச் சரிசெய்வதென்றால் புதிதாகக் கமிட்டி போட வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கோ கமிட்டி முடிந்துவிட்டது.

"சார், எங்க தெரு கால்வாய் சார் அது" என்றாள் கரோலின்.

"அப்ப உனக்கு நல்லாத் தெரிஞ்ச எடம், ஈஸியாப் போச்சு. இது சும்மா ஃபினிஷிங்கும்மா. தோல்ல முள்ளுக் கீறல் இருந்தா நாம இன்னா பண்றோம்? மேல ஒரு கோட்டிங் அடிக்கிறோம். பையர் தடவிப் பாத்து சூப்பர்ன்றான். ஆர்டர் வந்த அன்னிக்கே உன் பர்மனென்ட்டுல கையெழுத்து."

அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தாள். ஆபீஸ் பிக்னிக்கில் எடுத்த ஏலகிரி ஏரிப் படத்திலிருந்து தண்ணீரை எடுத்துக் கால்வாயில் ஊற்றினாள். அவசரத்தில் ஏரியிலிருந்து ஒரு வாத்தும் கூடவே வந்துவிட்டது. அழிக்கப் போனவளை ஜி.எம். தடுத்தார்.

"இருக்கட்டும். உயிர் வாழுதுன்னு ஒரு ப்ரூஃப்."

ஜியாவுல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டு பிரிண்ட்டைத் தடவினார். "தண்ணி ஸ்மூத்தா கீது சார். ஏ கிரேடு."

ஆர்டர் வந்தது. கரோலின் பர்மனென்ட் ஆனாள். மக்கன்பேடா ஸ்வீட் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தாள். வாத்துப் படம் பெரிதாகச் சட்டம் போடப்பட்டு ஜி.எம். அறையை அலங்கரித்தது. அவள் அம்மா ஒரு சின்னப் பிரிண்ட்டை வாங்கிப் போய், மகள் கைவேலை என்று தெருவெல்லாம் காட்டினாள். அடுத்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கரோலின் ஜி.எம்.மிடம் போனாள். அவர் சுவரைக் காட்டினார்.

"தண்ணி இப்படி இருக்கும்போது லாரி எதுக்கும்மா? வீண் செலவு. பாரு, வாத்தே நீந்துது."

"சார், அது ஏலகிரி வாத்து சார்! நான்தான் சார் வெச்சேன்! நீங்கதான் இருக்கட்டும்னீங்க!"

ஜி.எம். பொறுமையிழக்கவில்லை. மேலோர் இழப்பதில்லை. "டெம்பரரியா இருந்தப்ப நீ இப்படிப் பேசியிருந்தா மன்னிச்சிருப்பேன். இப்ப நீ பர்மனென்ட் ஸ்டாஃப். ஜெர்மன்காரனே ஒத்துக்கிட்ட டாகுமென்டை நீயே பொய்னு சொல்லலாமா?"

பர்மனென்ட் ஸ்டாஃப் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையில் காலிக் குடங்களும் பெண்களும் நின்றிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் மட்டும் வரிசையை விட்டு வந்து, தன் குடத்தை அவள் இடுப்பில் வைத்தாள்.

"படத்தைப் பாத்தேன் கரோலின். வாத்து நல்லாத்தான் கீது. அது நீந்துற எடத்துல இருந்து ஒரு கொடம் மொண்டாந்து குடு. புள்ளைங்களுக்கு உலை வெக்கணும்."