கொமட்டில் தழைத்த புதினா

விவசாய பாடம் படிப்பிக்கிற வாத்தியாருக்குத் தோட்டம் போடவும் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மாமியாரும் நம்பினார், எனக்குக் கல்யாணமான முதல் மூன்று மாதங்கள்.

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு லீக்ஸ் பாத்தி இருந்தது. கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் மாமி முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். அதன் ஓரத்தில் நான் ஒரு புதினாத் தண்டை நட்டேன். ஒரே ஒரு தண்டு. "மண்ணுக்கு நல்லதுங்க மாமி" என்று ஒரு விளக்கம் வேறு. (எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) மழை பிடித்தது. மூன்றாம் மாதம் புதினாவுக்குள் லீக்ஸைத் தேடவேண்டியிருந்தது. மம்பட்டியால் கொத்தினேன், அறுபட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாக எழுந்து நின்றது.

"சாந்தி, ஒன் வீட்டுக்காரர படிப்பிக்கிறதோட நிப்பாட்டிக்கச் சொல்லு" என்றார் மாமி என் மனைவியிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

சரி, புதினாவை அடைத்து வளர்ப்போம் என்று தோண்டி எடுத்தேன். பெயின்ட் வாளி, உரப்பை, பால்மா டின் எல்லாம் நிரம்பியும் செடி மிச்சம். மேலே கட்டிக்கொண்டிருந்த புது வீடுகளுக்கு வந்த கக்கூஸ் கொமட் ஒன்று, பொருத்துமுன்பே விரிசல் விட்டதால் ஓரமாகக் கிடந்தது. யாரும் ஒருநாளும் பாவிக்காதது. மேசன் பாஸிடம் கேட்டுத் தூக்கி வந்து மண் போட்டேன். மற்ற எதையும்விட அதில்தான் புதினா ராஜா மாதிரித் தழைத்தது. மாமி ஒரு சாக்கை எடுத்துச் சுற்றி மறைத்தார்.

அந்த வருடமே என் மச்சினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மஸ்கெலியா. மறுநாள் விருந்துக்குப் பிரியாணி. சமைக்க ஹட்டனிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்திருந்தார். காலையில் ரோட்டில் மண் சரிந்து, மரக்கறி வேன் வழியில் நின்றுவிட்டது.

"புதினா இல்லாம நான் சட்டிய அடுப்புல ஏத்த மாட்டன்" என்று நானா கையைக் கட்டிக்கொண்டார்.

வாளிகளை மொட்டையடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "காணாது சேர்" என்றார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி சாக்கைப் பார்த்தார்.

"நல்லா கழுவுங்க மாப்புள" என்றார் மெதுவாக. "இன்னொருக்காவும் கழுவுங்க."

பிரியாணி மணம் அடுத்த லயத்து நாய்களையும் கூட்டிவந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். முந்தின நாள் முழுக்கச் சிரிக்காத அந்த மனுஷர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"என்னா வாசம்! புதினா எங்க வாங்குனீங்க?"

"வாங்கல்ல, சேர்ட தோட்டத்துப் புதினா" என்று நானா என்னைக் காட்டினார்.

"அப்ப காட்டுங்க. ஒரு கம்பு கொண்டு போறேன்."

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் வெற்றிலையை மென்றபடி பின்னால் வந்தார்கள். நான் பெயின்ட் வாளிகளின் பெருமையை நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, யாரோ சாக்கை இழுத்துவிட்டார்கள். வெள்ளைக் கொமட். அதில் காலையில் வெட்டிய பச்சைத் தண்டுகள்.



"புதுசுங்க" என்றேன். "சத்தியமா யாரும் உக்காந்ததே இல்லங்க."

பெரியப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சினி கல்யாணம் இரண்டாம் நாளே முறிந்தது என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. பிறகு வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

"மூனு தடவ சாப்புட்டேனே சேர்! வாளி வேணாம், இதுலயே ஒரு கம்பு ஒடிங்க!"

அவர் வாங்கியதும் மற்றவர்களும் கைநீட்டினார்கள். மாமி நிமிர்ந்து நின்று, "எங்க மாப்புள வெவசாய வாத்தியாருல்ல!" என்றார்.

இன்று அந்த லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளிப் புதினா உண்டு. மஸ்கெலியாவில் பெரியப்பா வீட்டில் ஏழு வாளி. அங்கே விருந்துக்குப் போனால், பிரியாணிச் சட்டியைத் திறக்குமுன் அவர் சத்தமாகக் கேட்பார்:

"சேர், இன்னக்கி தோட்டத்துப் புதினாவா, பாத்ரூம் புதினாவா?"

நான் தட்டை நீட்டிவிடுவேன்.