ஊசல் காட்டிய புயல்

பதினோரு மணிக்கு மகான் வருகிறார் என்றால் பத்து மணிக்கே அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் வரவேற்பறையில் எள் போட்டால் எள் விழாது. வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள், எடுத்தவர்களின் மாமியார்கள் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். மகான் வரைபடத்துக்கு மேல் ஒரு பித்தளைக் குண்டை நூலில் கட்டித் தொங்கவிடுவார். கண்ணை மூடுவார். குண்டு எங்கே சுற்றுகிறதோ அங்கே புயல்! அதோடு விட்டாரா? 'புயல் தடுப்பு அட்டை' என்று ஒன்றையும் விற்றார். கூரையில் ஒட்டினால் காற்று ஒதுங்கிப் போய்விடுமாம். காப்பீடு விற்கிற இடத்திலேயே, காப்பீடு தேவையில்லை என்கிற அட்டை! அந்தத் துணிச்சலுக்காவது ஒரு கும்பிடு போடலாம்.

மூன்றாவது மாடியில் மேகக்காரி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். செயற்கைக்கோள் படம், கடல் மிதவைகள் அனுப்பும் அளவு, மழைமானி எண்கள் எல்லாவற்றையும் கணினி வரைபடத்தில் ஏற்றி, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று பார்த்துச் சிவப்பு அடிப்பாள். எட்டரை மணிக்குப் படம் பொது மேலாளருக்குப் போகும். சிவப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு நண்பகலில் எச்சரிக்கைச் செய்தி போகும், படகு போகும், பம்பு போகும். மகான் வந்த பிறகு மேலாளர் ஒரு திருத்தம் செய்தார். படமும் ஊசலும் முரண்பட்டால் ஊசல் சொன்னதே செல்லும்.

முரண்பட்டால்தானே!

"பாரும்மா, படிக்காத மகான் சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்புறம் உன் பிரிவு எதுக்கு?" என்றார் மேலாளர். இந்த மாதக் கடைசியில் அதை மூடிவிடப் போவதாகவும் சொன்னார்.

போன மாதப் புயலில் வினை வந்தது. புயலின் இடத்தைக் குறிக்கும் எண்ணில் மேகக்காரி ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டிவிட்டாள். புயல் மலைமேல் போய் உட்கார்ந்தது. பத்தே நிமிடத்தில் திருத்தி மறுபடி அனுப்பினாள். ஆனால் பதினோரு மணிக்கு ஊசல் மலைமேல்தான் சுற்றியது. செய்தி மலைக்காரர்களுக்குப் போனது. புயல் ஆற்றுமுகத் தெருக்களுக்குப் போனது. அங்கே அவள் தம்பி, தன் பெண்டாட்டியோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? "மலையைக் காப்பாத்த மகான் புயலையே திருப்பிவிட்டாரு!" அட்டை விற்பனை இரட்டிப்பானது.

மேகக்காரி அழுதாள். "என் கை பண்ண தப்புடா" என்று தம்பியிடம் போனில் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. தப்பு அவள் கையுடையது. பத்தே நிமிடம் நீடித்த தப்பு. அது பித்தளைக் குண்டுக்கு எப்படித் தெரிந்தது?

இன்று மறுபடி ஒரு புயல், மறுபடி ஆற்றுமுகம். அவள் உண்மைப் படத்தை உறையில் போட்டு ஒட்டி, இழப்பீட்டுப் பிரிவுத் தலைவியிடம் கொடுத்து, உறைமேல் நேரத்தோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். மேலாளருக்கு அனுப்பிய படத்தில் புயலைத் தூக்கி ஆளில்லாத கல்குவாரியில் வைத்தாள்.

பதினோரு மணி. மகான் கண்ணை மூடினார். குண்டு தடுமாறியது, தயங்கியது, கல்குவாரிமேல் பம்பரமாகச் சுற்றியது.

"கல்குவாரி! மகா நாசம்! காத்து நூத்தி நாப்பத்தி ஏழு கிலோமீட்டர்!"

"அப்பா, எண்ணோட சொல்றாரே!" என்று கூட்டம் வாய் பிளந்தது.

"எண் சரிதான் மகானே" என்றாள், தலைவியோடு கீழே வந்து நின்ற மேகக்காரி. "படத்து ஓரத்துல பொடி எழுத்துல நான்தான் எழுதினேன். கல்குவாரியில புயலை வச்சதும் நான்தான்."

தலைவி உறையைக் கிழித்து, ஆற்றுமுகம் சிவந்திருந்த உண்மைப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். சுவரில் அந்த நிமிடத்துச் செயற்கைக்கோள் படம் விழுந்தது. கல்குவாரிமேல் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. ஆற்றுமுகத்தை நோக்கிக் கடல்மேல் வெள்ளையாக ஒரு மேகமலை நகர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, காலையில ஆசீர்வாதத்துக்கு அனுப்பினேனே, அந்தப் படமா..." என்று வாயைவிட்டார் மேலாளர். "தினமும் அவருக்குத்தான் முதல்ல அனுப்புவேன். அவர் ஆசீர்வாதம் பண்ணாம எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னாரே!"

எட்டரைக்கு விடையைக் கையில் கொடுத்துவிட்டு, பதினோரு மணிக்கு அதே விடையைக் கேட்டு மெய்சிலிர்த்த மனுஷன்!

"புயல் இப்பத்தான் மனசு மாறிச்சு" என்றார் மகான்.

"மாறட்டும். நாங்க எங்க வேலையைப் பார்க்கிறோம். சார், எச்சரிக்கைக்குக் கையெழுத்து" என்று உறையிலிருந்த படத்தை நீட்டினாள் மேகக்காரி.

மேலாளர் ஆசீர்வாதம் இல்லாமலே போட்டார். நண்பகலுக்கு முன்பே ஆற்றுமுகத்துக்குச் செய்தி போனது. "கிளம்பிட்டோம் அக்கா, குழந்தை தூங்குது" என்றான் தம்பி போனில். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வரவேற்பறையில் ரகளை. அட்டை வாங்கியவர்கள் மகானைத் தேடினார்கள். அவர் மூன்றாவது மாடியில் மேகக்காரியின் மேசைக்கு முன்னால் குண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார்.

"அம்மா, என் வீடும் ஆத்துமுகத்துலதான். அந்தச் சிவப்புக்குள்ள வருதா?"

அவள் தெருவைக் கேட்டாள். பார்த்தாள். "வருது. நாலு அடி தண்ணி. உடனே கிளம்புங்க."

மகான் ஊசலைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார். அவருக்கே நம்பிக்கையில்லாத குண்டுக்குப் பின்னால் இத்தனை நாள் கூட்டம் கூட்டமாகத் தலையைத் தலையை ஆட்டினீர்களே, அந்தத் தலைக்குள் இருப்பதை என்றைக்கு ஐயா ஆட்டிப் பார்க்கப் போகிறீர்கள்?