துரை கொடுத்த ஆப்பிள் கன்று

சீமை மரம் வளர்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நம் மண்ணில் தானாகக் காய்க்கும் எதையும் இவர்கள் மரமென்றே மதிப்பதில்லை. ரங்கூனில், இன்சீன் பக்கம் குடியிருந்த அகஸ்டின் அந்த இனத்தில் உயர்ந்த ரகம்.

அறுபத்து நாலில் அவர் குமாஸ்தாவாயிருந்த கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சீமைக்குக் கப்பலேறிய கம்பெனித் துரை, தம் பங்களாத் தொட்டியிலிருந்த ரஸட் ஆப்பிள் கன்றைக் கொண்டுபோக வழியில்லாமல் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அகஸ்டினுக்கு அது போதாதா? நிழல் விழுகிறதென்று காய்த்துக் குலுங்கிய மாமரத்தை வெட்டினார், கன்றை நட்டார், வேலி கட்டினார், வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தேநீருக்கு முன்னால் அதன் எதிரே நிறுத்தினார்.

"பழைய காலத்து ரகம். தோலு உருளைக்கிழங்கு மாதிரி சொரசொரன்னு பழுப்பா இருக்கும். உள்ள தேன்."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக் கருப்பையா கேட்டார்.

"துரை சாப்பிட்டிருக்கார்."

இரண்டு வருஷமாகியும் கன்று இடுப்பளவைத் தாண்டவில்லை. குளிர் போதவில்லை என்று கண்டுபிடித்த அகஸ்டின், பசுந்தாங் ஐஸ் பாக்டரிக்குப் போய் ஐஸ்கட்டி வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடி நனைய வைத்துக் கொண்டுவந்து வேரடியில் புதைத்தார். ஞாயிறுதோறும். கோயில் பூசை தவறினாலும் இந்தப் பூசை தவறாது.

ஒரு சித்திரையில் மகள் மக்தலேனாவுக்குக் கடுங்காய்ச்சல். டாக்டர் தலையில் ஐஸ் வைக்கச் சொன்னார். அகஸ்டின் ஓடிப்போய் வாங்கிவந்தார், அதுவரைக்கும் தகப்பன்தான். சாக்கை அவிழ்த்ததும் பாதியை உடைத்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

மனைவி செசிலியா பின்னாலேயே வந்தாள். "என்னங்க, அதை இப்படிக் குடுங்க."

"புள்ளைக்குப் பாதி போதும் செசிலி. இந்த வெயில்ல இதுவும் தாங்காது."

அவள் ஒரு கையால் ஐஸைப் பிடுங்கினாள். மறு கையால் கன்றைப் பிடுங்கினாள். ஐஸ் தண்ணீரிலேயே அழுகிப்போயிருந்த வேர், இழுத்த இழுப்புக்கு முள்ளங்கி மாதிரி வந்துவிட்டது.

காய்ச்சல் இறங்கியது. வாய் கசந்த மகள் மாம்பழம் கேட்டாள். கருப்பையா வீட்டிலிருந்து வந்தது. அகஸ்டினும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நார் ஜாஸ்தி" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும், நம் வீட்டில் இப்படி ஏதாவது உண்டா என்று உங்கள் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.