தெங் வீட்டுத் தரையும் மியாவ் வீட்டுக் கூரையும்

இந்தக் குளிர்காலத்தில் ஒருவனை விறைக்க வைத்தே தீருவது என்று தெங் குவாங்லூ முடிவு செய்தார். அந்த ஒருவன் மூன்றாம் மாடி மியாவ்.

தெங் வடகிழக்குச் சீனாவின் ஜியாமுசி நகர ரயில் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் நீராவி என்ஜின்கள் எல்லாம் போய்விட்டன. நீராவி மட்டும் இவரிடம் தங்கிவிட்டது. காலைக் கஞ்சி சூடாக இருந்தால் கோபம் வரும். ஆறியிருந்தால் அதைவிட அதிகமாக வரும். ஆனால் இந்த முறை கோபத்துக்கு நியாயம் இருந்தது.

குப்பையைக் கொட்டிவிட்டு நான்காம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார். வெளியே மைனஸ் இருபத்தாறு. புருவத்தில் பனி. மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. பனியன், அரைக்கால் சட்டை, கையில் உறைய வைத்த பேரிக்காயோடு மியாவ் நின்றான்.

"உள்ள வாங்க தெங் அண்ணே. ஒரே புழுக்கம்."

"புழுக்கமா? உனக்கு மட்டும் அவ்வளவு சூடாவா வெந்நீர் விடறான்?"

"எனக்கு எங்க விடறான்! இந்த வருஷம் நான் வெந்நீர் ஆபீஸ்ல பணம் கட்டிப் பதிவே பண்ணலையே. என் குழாய்ல சொட்டுத் தண்ணி ஓடல."

"அப்புறம் எப்படி?"

மியாவ் பேரிக்காயால் கூரையைக் காட்டினான். "மேல நீங்க இருக்கீங்களே அண்ணே. தெய்வம் மாதிரி!"

அந்தக் கட்டடத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் தரைக்கு அடியில் ஓடின. தெங் வீட்டுத் தரை, மியாவ் வீட்டுக் கூரை. ஆக, தெங்கின் கால் காய்ந்த சூட்டில் மியாவின் தலையும் காய்ந்துகொண்டிருந்தது.

தெங் இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்குள் பாய்ந்தார். "கிழவி! கேட்டியா அநியாயத்த? நம்ம வீட்டுல அவன் குளிர் காயறான்!"

மனைவி யுன்ஜி புளித்த முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள். "தரைக்குக் கீழதானே காயறான். உன் மடியிலயா வந்து உக்காந்தான்?"

"பேரே மியாவ்! அடுத்தவன் அடுப்பாங்கரையில படுக்காம வேற எங்க படுப்பான்? இதோ, மூடப் போறேன்."

"எத? வாயையா?"

"குழாய!"

யுன்ஜியின் கத்தி நின்றது. "நாமளும்ல விறைப்போம்?"

"நான் ரோஷத்துல விறைப்பேன். அவன் குளிர்ல விறைப்பான். ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு ரோஷம் இல்லையே, கிழவா. நான் எதுல விறைக்கறது?"

அதற்குள் தெங் ஸ்பானரோடு சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பட்டறையில் எத்தனையோ என்ஜின்களை அடக்கிய கை. ஒரே முறுக்கு. குழாய் முனகிவிட்டு அடங்கியது.

மறுநாள் காலை அவர் பல் தேய்க்கப் பிரஷைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். பல்லே ஆடித் தன்னைத் தேய்த்துக்கொண்டது.

மத்தியானம் யுன்ஜி கோட்டை மாட்டினாள். "நான் போய் எதிரி எப்படி இருக்கான்னு உளவு பாத்துட்டு வரேன்."

"கையில என்ன சூரியகாந்தி விதை?"

"கொறிக்க ஒண்ணும் இல்லாம வெறும் கையோட உக்காந்து மூஞ்சியவே பாத்தா சந்தேகம் வராதா?"

நியாயம்தான் என்று தெங் தலையாட்டினார். உண்மையில் தலை தானாகவே ஆடியது.

இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். தெங் போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். "எப்படி இருக்கான்?"

"அதையேன் கேக்கற. பனி அடிச்ச கத்திரிக்கா மாதிரி இருக்கான்."

"மூக்கு?"

"நீலம்."

"நல்லா வேணும்! ஆமா, உன் கன்னம் ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"அவங்க வீட்டுக் குளிர் அப்படி."

'நீலம்' என்ற அந்த ஒரு வார்த்தை தெங்குக்குள் கணப்பு மூட்டியது. அதை வைத்து ஒரு இரவைத் தள்ளினார்.

மூன்றாம் நாள் யுன்ஜி காலையிலேயே உளவுக்குக் கிளம்பினாள். நான்காம் நாள் கஞ்சிகூட குடிக்காமல் போனாள். "அவன் சரணடையற நேரம். பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றாள். தெங் மூன்று ஸ்வெட்டர், இரண்டு கால்சட்டை, கம்பளி பூட்ஸ், காதுத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, கட்டி வைத்த மூட்டை மாதிரி சோபாவில் கிடந்தார். சாப்பாட்டுக் குச்சியைப் பிடித்தால் கை நடுங்கி முட்டைக்கோஸ் சுவரில் ஒட்டியது. குழாயைத் திறக்கக் கை பரபரத்தது. அந்தப் பயல் தோற்றான் என்று காதால் கேட்காமல் எப்படித் திறப்பது? மானம் என்ன ஆவது?

ஆறாம் நாள், மானத்தைவிட மூட்டுவலி பெரிதாகிவிட்டது. தானே நேரில் போய்த் தோல்வியை வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தார். படியில் இறங்கும்போதே ஒத்திகை பார்த்தார். 'சரி மியாவ், அழாத. எழுந்திரு. மன்னிச்சுட்டேன்.'

உள்ளே அழுகைச் சத்தம் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினார். கொழுக்கட்டைச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல முகத்தில் சூடு அடித்தது. மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தார்.

மேஜையைச் சுற்றி நான்கு பேர் கட்டைகளை அடுக்கி மாஜோங் ஆடிக்கொண்டிருந்தார்கள். பனியனோடு மியாவ், மியாவின் மனைவி, மாமியார். நான்காவதாக அரைக்கை ரவிக்கையில், விசிறியால் வீசிக்கொண்டு, யுன்ஜி.

"துரோகி!" தெங்கின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "இதாடி கத்திரிக்கா? இதாடி நீல மூக்கு?"

மியாவ் பதறி எழுந்தான். "கோவப்படாதீங்க அண்ணே! நீங்க குழாய மூடின அன்னிக்கி ராத்திரியே செத்துப் பொழச்சேன். விடிஞ்சதும் ஓடிப்போய்ப் பதிவு பண்ணிட்டேன். இப்ப ஓடறது என் சொந்த வெந்நீரு. அண்ணி சொல்லலையா?"

தெங் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "பதிவு... பண்ணிட்டியா?"

"நீ ஜெயிச்சு அஞ்சு நாளாச்சு, கிழவா" என்றாள் யுன்ஜி, கையிலிருந்த கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அஞ்சு நாளா! நான் மேல ஐஸ் பாறையா கிடந்தேனே! ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? குழாயத் திறந்திருப்ப. வீடு சூடாயிருக்கும். 'எங்க போற, எதுக்குப் போற, டீ போடு'ன்னு என்னைய அங்கயே கட்டிப் போட்டிருப்ப. உனக்கு வாக்கப்பட்டு முப்பத்தெட்டு குளிர்காலம் பாத்துட்டேன். இந்த அஞ்சு நாள்தான் குளிரே தெரியல."

தெங் மறுபடி கத்த வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அதுவும் ஒன்றல்ல, ஏழு. எட்டாவது தும்மலுக்குக் காத்திருந்து, வராது என்று தெரிந்ததும், தொப்பியைக் கழற்றினார். அந்தச் சூடு அவருடைய கோபத்தை ஓரங்களில் உருக்க ஆரம்பித்திருந்தது.

"சரி, கொஞ்சம் நகரு" என்றார் கரகரப்பாக. "நானும் ஒரு ஆட்டம் ஆடறேன்."

"இது நாலு பேர் ஆட்டம். நீ மேல போய்க் குழாயத் திறந்து விட்டுட்டு, அஞ்சு பேருக்கு மாவு பிசைஞ்சு வை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவங்கெல்லாம் நம்ம வீட்டுக்கு வராங்க" என்றாள் யுன்ஜி. "போறப்ப கதவச் சாத்திட்டுப் போ. குளிரு உள்ள வருது."

தெங் கதவைச் சாத்தினார், வெளியே நின்றபடி.