மடக்குக்கத்தியின் சுயம்வரம்

வாழி ஜீவமணி. நாசரேத் நன்னகர் ஈன்ற நாவடக்கச் செல்வியே, விலங்கியல் என்னும் ஆழ்கடலை மூன்றாண்டு நீந்தி இரண்டாம் வகுப்பில் கரையேறிய வீராங்கனையே, பதினொரு மாதமாக ஒரே மரமேசையின் முன் அமர்ந்து ஆயிரமாயிரம் சிப்பிகளின் வாயைத் திறந்தும் தன் வாயைத் திறவாத தவக்கொழுந்தே, வாழி. தேரேறிப் பகை வென்றாரைப் பாடப் புலவர் பலர் உண்டு. முக்காலி ஏறிச் சிப்பி வென்றாளைப் பாட இன்று நாம் வந்தோம். யானை பிளிறாத, முரசு அதிராத, மொத்தம் நான்கு பேரே நின்று பார்த்த அந்தப் பெரும்போரைச் சொல்லப் புகும்போது, கடலைச் சிரட்டையால் இறைக்கத் துணிந்தவர்போல் நடுங்குகிறோம். அறிந்தோர் பொறுக்க.

போர் நிகழ்ந்த நாடு எதுவெனில், முன்னால் உப்பும் பின்னால் உப்பும் வீசும் காற்றில் உப்பும் உடைய தூத்துக்குடி நாடு. காலம், புதுத் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் கரையணையத் தொடங்கிய மறு ஆண்டின் ஆனி மாதத்துச் சனிக்கிழமை. களம், முத்துச்சிப்பி ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் தகரக்கூரை வேய்ந்த பின்னறை. அங்கே கீழவைப்பார் மனுவேல் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி கொணர்வான். ஜீவமணி அதன் இரு ஓடுகளுக்கும் நடுவே கத்தியைச் செலுத்தி, ஓடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையை ஒரே வீச்சில் அறுத்து, உள்ளிருக்கும் சதை சிதையாமல் முழுதாக எடுத்துத் தட்டில் வைப்பாள். சதை முழுதாக வந்தால்தான் நிறுக்க முடியும். கிழிந்தால் சிப்பி செத்தது வீண்.

ஓடு விரியும் அந்தக் கணத்தில் உள்ளே ஓர் ஒளி தெரியும். விடியற்காலைக் கடலின் நிறம். உலகம் தோன்றிய நாள்முதல் அதுவரை எவரும் பார்த்திராத அந்த ஒளியை ஒவ்வொரு நாளும் அறுபது தடவை, எழுபது தடவை முதன்முதலாகப் பார்ப்பவள் ஜீவமணி. இதற்கு மாதாமாதம் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்கு இன்னும் கூச்சமாகவே இருந்தது.

இத்தகு நல்லரசுக்கு ஆறு வாரத்துக்கு முன் ஒரு கேடு சூழ்ந்தது. மாடியில் சுழன்றுகொண்டிருந்த ஒரே மின்விசிறி உயிர்நீத்தது. உடனே தலைமை எழுத்தர் எஸ்றா அண்ணாச்சியும் டைப்பிஸ்ட் விக்டோரியாவும் தத்தம் மேசை நாற்காலிகளோடு படையெடுத்து வந்து, கடற்காற்று தடையின்றி வீசும் பின்னறையைக் கைப்பற்றிப் பாசறை அமைத்தனர். அன்று முதல் சதை கிழியத் தொடங்கியது.

காரணத்தை ஒருத்தி மட்டும் அறிவாள். ஜீவமணி இடங்கைக்காரி. பிறவியிலே இடக்கையில் குடிகொண்ட திறமையை அம்மாவின் அகப்பையும் ஞாயிறுப்பள்ளி ஆசிரியையின் அடிக்கோலும் மாறி மாறித் துரத்திப் பார்த்தும் அது வலக்கைக்குக் குடிபெயர மறுத்துவிட்டது. ஆள் இல்லாத அறையில் இடக்கை அறுக்கும். சதை மலர்போல் வரும். ஆள் வந்துவிட்டால் இடக்கை மடிக்குள் ஒளிந்துகொள்ளும். வலக்கை களமிறங்கித் தடுமாறும். அந்த வலக்கைக்கு வாய்த்த படைக்கலமோ, ஆதிச்சநல்லூர்த் தாழிக்குள்ளிருந்து நேற்றுத்தான் தோண்டி எடுத்ததுபோல் துருவேறி, பிடி இரண்டாகப் பிளந்து, சணல் கயிற்றால் கட்டுண்டு கிடந்த பழங்கத்தி. முன்னோர் மார்பில் தாங்கிய விழுப்புண்ணை அவள் உள்ளங்கையில் தாங்கினாள். பேச்சு வழக்கில் அதற்குக் கொப்புளம் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை மாலை, கூடத்தின் தலைவர் அருமைநாயகம் தட்டை நோக்கினார். கிழிந்த சதைகளை நோக்கினார். பின்பு, கோட்டை வாயிலில் முரசறைவோனையும் விஞ்சும் தணிந்த குரலில் ஆணை பிறப்பித்தார்.

“நாளைக்கும் இப்படித்தான் வந்துதுன்னா திங்கக்கிழமையிலிருந்து மேல லேபிள் எழுதப் போயிரும்மா.”

மேல என்பது மாடி மூலையறை. அங்கே மின்விசிறி இல்லை, சன்னல் இல்லை, சிப்பி இல்லை. ஒளி இல்லவே இல்லை.

விடிந்தால் சனிக்கிழமை. பகல் பதினொன்றரை. நூற்றிருபது சிப்பி நிறைந்த கூடையைத் தோளிலிருந்து இறக்கிய மனுவேல், மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்தான். அவன் ஒருவர் கையிலும் அதைக் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பகை மூளும் என்பது, கோயிலுக்குப் போவோரும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவோரும் நாசரேத்துச் சபையாரும் கருத்து வேறுபாடின்றி ஒப்புக்கொண்ட ஒரே கோட்பாடு. ஆகவே அதை மேசைமேல் வைத்துவிட்டு, இரு கை விரித்த அகலமான ஒரு பாகம் தள்ளி நின்றுகொண்டான்.

“கப்பல் குசினிக்காரன் தந்தான். ரெண்டு கட்டு சீலாக் கருவாட்டுக்கு. இருவது வருசமா அவன் கையிலேயே கெடந்ததாம். எனக்குப் பிடி ஒத்துக்கிடல. யாரு கைக்கு வாகா இருக்கோ அவங்க எடுத்துக்கிடுங்க.”

மேசைமேல் வீற்றிருந்தாள் மடக்குக்கத்தி நங்கை. கலைமான் கொம்பில் கடைந்த மேனியாள், பித்தளைப் பொட்டு மூன்று அணிந்தாள், இருபதாண்டு மீனெண்ணெய் பூசிப் பூசி மெருகேறிய தேன்நிறத்தாள், அலகை உள்ளே மடக்கி நாணித் தலைகவிழ்ந்தாள். பண்டை நாளில் வில்லை வளைத்தவனுக்கு மாலை விழுந்தது. இங்கே மாலை இல்லை. வாகு ஒன்றே மாலை. சேதி பரவக் குழுமினர் வேட்போர்.

முதலில் எழுந்தாள் விக்டோரியா, பத்து விரலிலும் செந்நகம் வளர்த்த தட்டச்சு வேந்தி. அலகின் பள்ளத்தில் நகம் நுழைத்து இழுத்தாள். அலகு அசையவில்லை, நகம் அசைந்தது. உடைந்த நகத்தை ஊதியபடி அவள் நாற்காலிக்குப் பின்வாங்கினாள். அடுத்து வந்தான் காவலாளி சிலுவை, தோணித் துடுப்புப்போல் அகன்ற கையன். அவன் எடுத்துப் பொத்தினான். கத்தி மறைந்தது.

“கை இருக்கு, கத்திய எங்கவே?” என்றாள் விக்டோரியா.

சிலுவை கையை விரித்து, தானே ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, பெருமூச்சோடு மேசையில் வைத்தான்.

மூன்றாவதாக எழுந்தருளினார் எஸ்றா அண்ணாச்சி. சாத்தான்குளத்துச் சிங்கம், கோப்புக்கட்டுகளின் காவலர், பதினேழு ஆண்டாகப் பென்சில் சீவுவதற்கென்றே ஒரு நல்ல கத்தியைத் தேடிக்கொண்டிருக்கும் ஏக்கக்கடல். அவர் கத்தியை மடக்கியபடியே எடுத்தார், மடக்கியபடியே பொத்தினார், மடக்கியபடியே கண்மூடினார். முகத்தில் தேன் பாய்ந்தது.

“ஏ அப்பா. இத செஞ்சவன் நம்ம கைய அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கான். மாங்கா நறுக்கலாம், பென்சில் சீவலாம்.”

“இனாமா வந்தா அண்ணாச்சி கைக்கு அம்மிக்கல்லும் வாகாத்தான் இருக்கும்” என்றாள் விக்டோரியா.

சிங்கம் அதைச் செவிமடுக்கவில்லை. கத்தி மெல்ல மெல்ல, சாயுங்கால ஞாயிறு மேல்கடல் புகுவதுபோல், சட்டைப் பையை நோக்கி இறங்கலாயிற்று.

அந்தோ, இதைப் பார்த்துக்கொண்டு முக்காலியில் இருந்தாள் நம் தலைவி. கயிறு கட்டிய பழங்கத்தி ஒரு புறம், திங்கட்கிழமை ஒரு புறம், சட்டைப் பை ஒரு புறம் என முப்படை சூழ்ந்தது. பேச வேண்டும் என்று அவள் நெஞ்சு ஆணையிட்டது. சொற்கள் புறப்பட்டன. தொண்டைவரை வந்தன. காற்றற்ற கடலில் பாய் தொங்கிய தோணிபோல் அங்கேயே நின்றன. இப்படி நின்ற சொற்கள் அவள் வாழ்நாளில் எத்தனையோ. திரும்பிப் போவதே அவற்றின் வழக்கம். ஆனால் அன்று, பரிசோதனைக் கூடத்தில் தப்பும் தவறுமாக ஒரு முடிவை யாரேனும் எழுதுவதைப் பார்த்தால் அவளுக்குள் எப்போதும் எழும் ஒரு சின்ன எரிச்சல் பின்னாலிருந்து காற்றாக வீசியது.

“அண்ணாச்சி” என்றாள்.

விக்டோரியாவின் விரல்கள் தட்டச்சுப்பொறிமேல் உறைந்தன. பதினொரு மாதத்தில் அந்த மூலையிலிருந்து குரல் எழுவது இதுவே முதல்முறை.

“மூடி வச்சுப் பிடிச்சா எல்லாப் பிடியும் வாகாத்தான் இருக்கும். வேல செஞ்சாத்தான் தெரியும்.” கூடையைக் காலால் அவர்பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள். “இதத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

கேட்டனர் அவையோர். இதைவிடச் சிறிய ஓலையில் இதைவிடப் பெரிய போர் அறிவிக்கப்பட்டதில்லை. விக்டோரியா பார்த்துக்கொண்டிருந்தாள், சிலுவை பார்த்துக்கொண்டிருந்தான், மறுத்தால் சாத்தான்குளத்தின் மானம் என்னாவது? எஸ்றா அண்ணாச்சி சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார்.

“சிப்பிதானே, பிள்ளே. மலையா?”

தொடங்கியது போர். முதற்சிப்பி இரு வாயிலையும் அடைத்துக்கொண்ட கோட்டையாய் எதிர்நின்றது. அண்ணாச்சி வடக்கு வாயிலைத் தாக்கினார், தெற்கு வாயிலைத் தாக்கினார், எதிரி அசையாதது கண்டு அதைத் தொடைமேல் ஏற்றி முற்றுகையிட்டார். உப்புநீர் கண்ணில் பாய்ந்தது. ஓடு பிளந்தது, உள்ளிருந்த சதை மூன்று கூறாயிற்று. இரண்டாம் சிப்பி இரண்டு கூறு. மூன்றாம் சிப்பி கைநழுவி ஓடி விக்டோரியாவின் நாற்காலிக்குக் கீழே புகலிடம் தேடியது. ஐந்தில் அவர் மூச்சு உலைத்துருத்தியாயிற்று. ஏழில், கட்டைவிரல் அடியில் கத்திப்பிடியின் ஒரு விளிம்பு முள்போல் ஊன்றுவதை உணர்ந்தார். கைமாற்றிப் பிடித்துப் பார்க்க எண்ணமில்லை. கொஞ்சம் மேலே பிடித்தார், கொஞ்சம் கீழே பிடித்தார். முள்ளும் கூடவே வந்தது. ஒன்பதில் அந்த இடம் சிவந்து, வெளுத்து, நீர்கோத்துப் பருத்தது. கொற்கைத் துறையிலும் கிடைக்காத பருமனில் ஒரு முத்து.

“இது கத்தியில்லவே மனுவேலு, பொல்லாப்பு” என்று பிரகடனம் செய்தார் அண்ணாச்சி. “யம்மா, நீயே வச்சுக்கோ.”

சொல்லியபடி கத்தியை ஜீவமணியிடம் நீட்டினார்.

காவியத்தின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. நீட்டிய கத்தியை அவள் வாங்க வேண்டுமானால் வலக்கையால்தான் வாங்க வேண்டும். பெரியவர் கொடுப்பதை இடக்கை நீட்டி வாங்கும் பெண்ணை நாசரேத் இன்னும் பெற்றெடுக்கவில்லை. வலக்கையில் வாங்கினால் வலக்கையில் பிடிக்க வேண்டும். அது இன்னொரு கொப்புளம், இன்னும் நூறு கிழிசல், திங்கட்கிழமை. அவளுடைய வலக்கை மடியிலிருந்து எழுந்தது.

அப்போது எஸ்றா அண்ணாச்சிக்கு நினைவு வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சண்ட வந்துரும்” என்று முணுமுணுத்து, கத்தியை மேசைமேல் வைத்து ஒரு பாகம் தள்ளி நின்றார்.

மேசைமேல் கிடக்கும் கத்திக்குக் கொடுப்பவர் இல்லை. கொடுப்பவர் இல்லாத இடத்தில் மரியாதைக் குறைவும் இல்லை. ஜீவமணி இதை ஒரு தேற்றத்தைப்போல் படிப்படியாக நினைத்து முடிப்பதற்குள் இடக்கை மடியை விட்டுப் புறப்பட்டிருந்தது. நான்கு பேர் பார்க்க, நடுப்பகல் வெளிச்சத்தில், அது கத்தியை எடுத்தது.

பிடியின் ஒரு பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. செய்தவன் குடைந்த பள்ளம் அல்ல, தேய்ந்த பள்ளம். அவளுடைய இடக் கட்டைவிரல் அதற்குள் போய்ப் படுத்தது, படுக்கைக்குப் பழகிய பிள்ளை போல. மற்ற நான்கு விரல்களும் தத்தம் இடம் தெரிந்து அமர்ந்தன. பள்ளத்தின் எந்த விளிம்பு மற்றவர் உள்ளங்கையைக் குத்தியதோ அந்த விளிம்பு அவளுக்கு விரல் வழுக்காமல் தாங்கும் அணையாயிற்று. பெயர் தெரியாத, முகம் தெரியாத எவனோ ஒருவன் இருபதாண்டு தன் கையை ஒளிக்காமல் வேலை செய்திருக்கிறான். அவன் கை தேய்த்து வைத்த இடத்தில் அவள் கை இருந்தது. அகப்பையும் அடிக்கோலும் எட்டாத இடம்.

“ஏளா, நீ பீச்சாங்கையா?” என்றாள் விக்டோரியா.

“ஆமா” என்றாள் ஜீவமணி.

“அந்தக் குசினிக்காரனும் அந்தக் கையாலதாம் மீன் அறுத்தான்” என்றான் மனுவேல். “சொல்லணும்னு நெனச்சேன்.”

“முன்னாலயே சொல்லியிருந்தா என் கை தப்பிச்சிருக்கும்லவே” என்றார் எஸ்றா அண்ணாச்சி.

அவள் ஒரு சிப்பியை எடுத்தாள். அலகு நுழைந்தது தெரியவில்லை. தசை அறுந்தது கேட்கவில்லை. ஓடு விரிந்து ஒளி வந்தது. சதை முழுதாக, ஒரு நூல் பிசிறின்றி, தட்டில் இறங்கியது. அதே வேளையில் வாயிலில் நிழலாடியது. சாப்பாட்டுக்கு முன் சுற்றிப் பார்க்க வந்த அருமைநாயகம் தட்டை நோக்கினார், அவள் கையை நோக்கினார், மறுபடி தட்டை நோக்கினார்.

“லேபிளுக்கு வேற யாரையாவது பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழங்குக சங்கம், ஆர்க்க முரசம், பொழிக தகரக்கூரைமேல் பூமழை. இடங்கை வேந்தி வாகை சூடினாள். மடக்குக்கத்தி நங்கை மணாட்டியைத் தேர்ந்தாள். சாத்தான்குளத்துச் சிங்கம் கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவி அரைநாள் விடுப்பு எழுதிற்று, அதுவும் எழுத்து கோணலாக. மன்னாரின் கடல் அலைக்கை உயர்த்திப் பல்லாண்டு பாட, எண்திசைக் காவலரும் எழுந்து நின்று வாழ்த்த, வெற்றித்திருமகள் முக்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கூடையைக் குனிந்து பார்த்தாள்.

மீதி நூற்றுப்பத்துச் சிப்பியையும் அவள்தான் திறக்க வேண்டியிருந்தது.