அமரர் வாய் திறக்கவில்லை

மனிதன் ஒரு முறைதான் சாக முடியும் என்பது தொலைக்காட்சி வருவதற்கு முன் நிலவிய பிற்போக்கான கருத்து. அதைத் தனி ஆளாக நின்று, இல்லை, கிடந்து, தகர்த்தவர் அமரர்.

அமரர் உயிரோடுதான் இருக்கிறார். ‘இறுதி விசாரணை’ என்னும் துப்பறியும் தொடரில் பிணமாக நடிக்கிறார். அந்த இறுதி விசாரணை இருபத்தோரு ஆண்டுகளாக நடந்துவருகிறது. வாரம் ஒரு கொலை. அவற்றில் அறுநூற்றுப் பதினெட்டுக் கொலைகளில் செத்தவர் அவர். கழுத்து நெரிபட்டும், மாடியிலிருந்து விழுந்தும், ஒருமுறை பியானோவுக்கு அடியில் நசுங்கியும் செத்திருக்கிறார். ஒட்டுமீசை மாறும், விக் மாறும். ஆள் அவரேதான். பார்வையாளர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை. கொலைத் தொடரில் செத்தவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் ஆய்வாளரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

‘அமரர்’ என்பது படப்பிடிப்புத் தளத்தில் வைத்த பெயர். மரியாதையான பெயர். ‘அமரர் அமரலாம்’ என்று யாராவது நாற்காலியைக் காட்டும்போது மட்டும் ஒருவர் சிரிப்பார். இருபத்தோரு ஆண்டுகளாக அதே நகைச்சுவை. அமரரும் சிரிப்பார், வாயைத் திறக்காமல்.

உயிரைக் கொடுத்து நடிப்பவர்கள் உண்டு. அமரர் உயிரை விட்டு நடிப்பவர். அவரைப்போல் அடக்கமான கலைஞர் இல்லை. பலமுறை அடக்கமும் ஆனவர். ஒருமுறை விளக்குத் தாங்கி சாய்ந்து, கொதிக்கும் விளக்கு அவர் முழங்காலில் விழுந்தது. அவர் அசையவில்லை. இயக்குநர் ‘ஓகே’ சொன்ன பிறகுதான் எழுந்து, ஓரமாகப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை ஊதினார்.

முதல் நாள் இயக்குநர் அவருக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார்.

“பொணம் வாயத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் நடிப்பு.”

அமரர் இந்த விதியைத் தளத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும், மகளின் பள்ளியிலும், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரரிடமும் அதையே கடைப்பிடித்தார். கலை வாழ்க்கையில் கலப்பது என்றால் இதுதான்.

அவர் மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் வாய் திறப்பதைக் காதில் வாங்குபவள். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு காலையில் பிணமே பேசியது.

“தொடர நிறுத்தப் போறாங்களாம்.”

மனைவி சீப்பைக் கீழே வைத்தாள். “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பேசிக்கிட்டாங்க. நான் கீழ கிடந்தேன்.”

“உங்க கதி என்னன்னு கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்கறது? செத்துக் கிடக்கறேன்ல?”

“எந்திரிச்சப்புறம்?”

“அதுக்குள்ள எல்லாரும் கெளம்பிட்டாங்க.”

“இன்னிக்கு ஏதோ கூட்டம்னீங்களே. அங்கயாவது ஒரு வார்த்த வாயத் திறந்து கேளுங்க. அம்பத்துமூணு வயசு. இந்த வேலைய விட்டா வேற என்ன தெரியும் உங்களுக்கு? ‘முன் அனுபவம், பொணம்’னு எழுதி எடுத்துக்கிட்டு எந்தக் கம்பெனி வாசல்ல போய் நிப்பீங்க?”

அமரர் யோசித்தார். அதற்கும் மூச்சு விடாமல்தான் யோசித்தார்.

தொடரின் எதிர்காலத்தை ஆராய நிறுவனம் ஓர் ‘எதிர்காலக் குழு’ அமைத்திருந்தது. மேலாளர் அதன் தலைவர். இயக்குநரும், ஆய்வாளராக நடிப்பவரும் உறுப்பினர்கள். வெளியிலிருந்து ஓர் ஆலோசகரும் வந்திருந்தார். அவர் தொடரைப் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் தன்னால் நடுநிலையோடு பேச முடியும் என்று அவர் விளக்கியபோது மேலாளர் குறிப்பெடுத்துக்கொண்டார். மேலாளரும் பார்த்ததில்லை, ஆனால் அது ஒரு தகுதி என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

“அமரர் அமரலாம்,” என்றார் மேலாளர். ஒருவர் சிரித்தார்.

ஆலோசகர் திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் இருந்தது.

“இது பார்வையாளரோட மனசு. இந்தச் சின்ன வட்டம் கொலை. கொலையால மக்கள் சோர்ந்துட்டாங்க. நம்ம எதிர்காலம், கொலை இல்லாத கொலைத் தொடர்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொல நடக்காம ஆய்வாளர் எதக் கண்டுபிடிப்பாரு?”

“மன உளைச்சல. யாரால மன உளைச்சல் வந்துச்சுன்னு விசாரிக்கலாம்.”

“அது எல்லா வீட்லயும் எல்லாருக்கும் தெரியுமே சார்.”

ஆய்வாளர் மேசையைத் தட்டினார். இருபத்தோரு ஆண்டுகள் தட்டிய கை. நான்கு மேசைகள் மாற்றியிருக்கிறார்கள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் இருக்கிற வரைக்கும் இங்க கொல நடக்கும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர் அமரரைப் பார்த்தார். “நேரடியா பாதிக்கப்படறவர் நீங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?”

மனைவி சொல்லி அனுப்பிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைப் பிரித்தார்.

“அவர் சார்பா நான் சொல்றேன்,” என்றார் ஆய்வாளர். “அவருக்கு எல்லாத்துலயும் சம்மதம்.”

அமரர் உதட்டைச் சேர்த்துக்கொண்டார். ஏனோ நிம்மதியாக இருந்தது.

குழு ஏழு முறை கூடியது. ஏழு முறையும் கூட்டக் குறிப்பில் ‘முடிவு எடுக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கோப்பு கிடப்பில் கிடந்தது. அமரர் தளத்தில் கிடந்தார்.

தலைமையகம் பொறுமை இழந்து ஒரு கடிதம் எழுதியது. அது எதிர்காலக் குழுவுக்குப் போயிருக்க வேண்டியது. அனுப்பிய எழுத்தர் உறைமேல் ‘இறுதி விசாரணை’ என்று மட்டும் எழுதியதால், செவ்வாய்க்கிழமை காலை படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்போது அமரர் கடிகாரக்கடை முதலாளியாகச் செத்துக் கிடந்தார். ஒப்பனைக்கார அம்மா நாற்பது நிமிடம் செலவிட்டு, அவர் உதட்டோரத்திலிருந்து தாடைவரை ஒரு ரத்தக்கோடு இழுத்திருந்தார். கோடு இன்னும் காயவில்லை.

இயக்குநர் அமரரின் தலைமாட்டில் நின்று கடிதத்தைப் படித்தார்.

“‘இறுதி விசாரணை தொடர் குறித்து வெள்ளிக்கிழமைக்குள் முடிவு எடுக்கவும்.’ அவ்வளவுதான் போட்டிருக்கு.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“ஆக, முடிவு எடுக்கச் சொல்லிட்டாங்க,” என்றார் இயக்குநர். “வெள்ளிக்கிழமைக்குள்ள. மூணு நாள்ல கடைசிக் காட்சிய எப்படிய்யா எடுக்கறது?”

ஆய்வாளர் கடிதத்தை வாங்கினார். சட்டைப் பித்தான் ஒன்றைப் பார்த்தே கொலைகாரனின் வயது, தொழில், மாமியார் வீடு எல்லாம் சொல்பவர் அவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“சந்தேகமே இல்ல. முடிவ எடுத்துடணும்.”

கீழே கிடந்த அமரருக்கு மட்டும் புரிந்தது. கடிதம் கேட்பது கூட்டத்தில் எடுக்கும் முடிவை. இவர்கள் எடுக்கப் போவது கேமராவில் எடுக்கும் முடிவை. ஏழு கூட்டங்களிலும் ‘முடிவு எடுக்கப்படவில்லை’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்ட இருவர், ‘முடிவு எடுக்கவும்’ என்பதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். சொன்னால் தொடர் பிழைக்கும். அவரும் செத்துப் பிழைக்கலாம்.

“சா...” என்று தொடங்கினார்.

“அண்ணா! ரத்தம்!” என்று ஒப்பனைக்கார அம்மா அலறினார். “வாயத் திறக்காதீங்க, கோடு உடைஞ்சிடும்! நாப்பது நிமிஷ வேல!”

“அமரர் சார், நீங்களா?” என்றார் இயக்குநர். அந்தக் குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. “இருபத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க இப்படிப் பண்ணதில்லையே.”

அமரர் வாயை மூடினார். ரத்தக்கோடு தப்பியது.

மூன்று நாட்களில் முடிவை எடுத்தார்கள். தான் போனால்தான் தொடர் முடியும் என்றார் ஆய்வாளர். போவதானால் ஜுரம் வந்தெல்லாம் போக முடியாது, காவல் நிலையத்தோடு வெடித்துத்தான் போவேன் என்றும் சொன்னார். ஒட்டுப்பலகையில் கட்டிய காவல் நிலையம் வியாழக்கிழமை பிற்பகல் நிஜமாகவே வெடித்தது. அன்று இரவு முழுக்க இடிபாட்டுக்கு அடியில் ஏழு பேராகச் செத்துக் கிடந்தார் அமரர். இடையில் தேநீர் கொடுத்தார்கள். குடிப்பதற்காக வாயைத் திறந்தார். வேறெதற்கும் திறக்கவில்லை.

கடிகாரக்கடை முதலாளியைக் கொன்றது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு ஒளிபரப்பானது. தலைமையகத்தில் யாரும் தொடரைப் பார்ப்பதில்லை என்பதால் எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை. சனிக்கிழமை நிறைவு விழா. இருபத்தோராம் ஆண்டின் நிறைவு என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேடயம் கொடுத்தார்கள். அமரரின் கேடயத்தில் பொன்னெழுத்தில் இப்படி இருந்தது: ‘இருபத்தோரு ஆண்டுகளாக எந்தச் சூழ்நிலையிலும் வாய் திறக்காத அரிய சேவைக்காக.’ மேலாளர் அதை உரக்கப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமரர் ஏற்புரை வழங்குவார் என்று அழைப்பிதழில் இருந்தது. ஆய்வாளர் வழங்கினார்.

திங்கட்கிழமை எதிர்காலக் குழு எட்டாவது முறையாகக் கூடியது. இயக்குநரும் ஆய்வாளரும் விழாக் களைப்பில் விடுப்பு. தடுக்க ஆள் இல்லாததால் குழு முதன்முதலாக ஒரு முடிவு எடுத்தது. தொடரை இன்னும் ஐந்து ஆண்டுகள் நடத்த வேண்டும்.

செய்தியைச் சொல்ல மேலாளர் தளத்துக்குப் போனார். காவல் நிலையம் இருந்த இடத்தில் ஒருவர் சாம்பல் கூட்டிக்கொண்டிருந்தார்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு தொடர் கொல்லப்பட்டிருக்கிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ‘விசாரணைக் குழு’ அமைத்தார்கள். அதற்கு விசாரணையில் அனுபவம் உள்ளவர் தலைவராக வேண்டும். நிறுவனத்தில் இருபத்தோரு ஆண்டு அனுபவம் உள்ளவர் ஒருவர்தான். அவர் வியாழக்கிழமை வெடித்துச் சிதறிவிட்டார் என்பதை விதிமுறைகள் ஒரு தடையாகக் கருதவில்லை.

ஆய்வாளர் எல்லோரையும் விசாரித்தார். கடிதத்தில் உள்ளபடி செய்ததாக இயக்குநர் சொன்னார். சரியாகத்தான் எழுதியதாகத் தலைமையகம் சொன்னது. தனக்குக் கடிதமே வரவில்லை என்றார் மேலாளர். கொலை வேண்டாம் என்று தான் முன்பே எச்சரித்ததை ஆலோசகர் நினைவூட்டினார். கடிதத்தை முகர்ந்து பார்த்தவரை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அவர்தான் விசாரித்துக்கொண்டிருந்தாரே.

கடைசியாக, “அமரர் அமரலாம்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“சம்பவம் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“உங்க காலடியில, சார்.”

“கடிதத்தப் படிச்சது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

ஆய்வாளர் மெல்ல எழுந்தார். அந்த நடையும், அந்தத் திரும்பலும், கேமரா இல்லாமலே வந்தன.

“புரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல?”

அமரர் எல்லோரையும் பார்த்தார். இயக்குநர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொணம் பேசக்கூடாதுன்னு...”

“பேசியிருந்தா இந்தத் தொடர் இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும்!”

ஆய்வாளரின் ஆள்காட்டி விரல் நீண்டது. ஆயிரத்துச் சொச்சம் வாரங்களாக எத்தனையோ பேரைக் காட்டிய விரல். செத்தவரைக் காட்டியது இதுதான் முதல் முறை.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாங்கிப் படித்தாள்.

“‘இருபத்தோரு ஆண்டுகளாக எந்தச் சூழ்நிலையிலும் வாய் திறக்காத...’” நிறுத்தினாள். அலமாரியிலிருந்து கேடயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்படியே இருக்கே. எழுத்துக்கு எழுத்து.”

“கடைசியில பாரு.”

கேடயத்தில் ‘அரிய சேவைக்காக’ என்று இருந்தது. கடிதத்தில் ‘பெருங்குற்றத்திற்காகப் பணிநீக்கம்’ என்று இருந்தது.

அமரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் இமைக்கவில்லை. “நீயே சொல்லு,” என்றார். “இது நியாயமா?”

மனைவி இரண்டையும் இன்னொரு முறை படித்தாள். கேடயத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“அந்த ஆளு எத்தனையோ பேரப் பிடிச்சாரு,” என்றாள். “இந்த ஒரு தடவதான் சரியான ஆளப் பிடிச்சிருக்காரு.”